கொழும்பு போகும்போது ஒரு வேலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்கு முழங்கால் வலி, அவளுக்குச் சர்க்கரை. வேலூர் வெயில் இன்னும் தொடங்கவில்லை, அந்த மட்டில் நிம்மதி.

அடுத்த மாதம் கொழும்பு போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து, பட்டாளத்தில் சேர்ந்து இலங்கையில் உயிரைவிட்ட நம் நண்பன் ஞாபகம்தான். போன மாதம் டெல்லியில் மச்சான் மகள் கல்யாணம். முடிந்த கையோடு இந்தியா கேட் பக்கத்தில் இருக்கும் தேசியப் போர் நினைவிடத்துக்குப் போனேன். 2019-இல் திறந்தது. வட்டமாகச் சுவர்கள், கல்லுக்கு ஒரு பெயர், மொத்தம் 25,000-க்கும் மேல். அங்கிருக்கும் திரையில் தேடினால் எந்தச் சுவர் என்று காட்டுகிறது. அவன் பெயரும் இருந்தது. நம் லாங் பஜார் மணிக்கூண்டில், முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று எண்ணிக்கைதான் பொறித்திருக்கிறது. அந்த 14 பேர் யார் வீட்டுப் பிள்ளைகளோ!

கம்மவான்பேட்டைக்காரர்கள் லீவில் வந்து இறங்கும் மிடுக்கைப் பார்த்துத்தானே அவனுக்கும் பட்டாள ஆசை வந்தது? வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பி, ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர். விடியற்காலையில் பாலாற்று மணலில் அவன் ஓடுவான், நாம் கரையில் உட்கார்ந்து பீடி பிடிப்போம்.

1987 ஜூலையில் இந்தியா-இலங்கை ஒப்பந்தம் ஆனது, அமைதிப் படை என்று நம் ராணுவத்தை அங்கே அனுப்பினார்கள். அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் புலிகளோடு சண்டை மூண்டது. அவனுடைய கடைசிக் கடிதம், 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரியிலிருந்து வந்தது, உனக்கும் படித்துக் காட்டினேன். 'ஊர்க்காரர்களிடம் பேச என்னைத்தான் முன்னால் அனுப்புகிறார்கள், எனக்குத்தானே பாஷை தெரியும்' என்று எழுதியிருந்தான். அப்போது அவனுக்கு 20 வயது. உடல் வரவில்லை. தந்தி வந்தது, அப்புறம் பல நாள் கழித்துப் பெயர் எழுதிய டிரங்குப் பெட்டி வந்தது.

நாமோ கல்லூரியில் ஈழத்துக்காக உண்டியல் குலுக்கியவர்கள். அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என்ன பேசியிருக்க முடியும்? ஊரே வாயை மூடிக்கொண்டது. 1990 மார்ச்சில் படை சென்னைக்குத் திரும்பியபோது முதலமைச்சர் கருணாநிதியே வரவேற்கப் போகவில்லை. அதில் அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. அந்தப் படையை அனுப்பியதே தப்பு என்றுதான் இன்றைக்கும் நான் சொல்வேன். ஆனால் அதை முடிவு செய்தவர்கள் வேறு ஆட்கள். அவனுக்காக அழுவதற்கு நாம் யாரிடமும் உத்தரவு வாங்க வேண்டியதில்லை, அந்த வயதில் அது நமக்குத் தோன்றவில்லை.

டெல்லியில் அவன் பெயரை எடுத்த படத்தை அவன் அம்மாவிடம் செல்போனில் காட்டினேன். பார்வை மங்கிவிட்டது. எழுத்தைத் தடவிப் பார்த்தார்கள், விரல் பட்டதும் படம் பெரிதாகி எங்கோ ஓடிப்போனது. திரும்பக் கொண்டுவந்து காட்டினேன். 'தினமும் துடைக்கிறாங்களா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். துடைக்கிறார்கள் என்றேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொழும்புக்குப் பக்கத்தில், அவர்கள் நாடாளுமன்றம் இருக்கும் கோட்டே பகுதியில், அங்கே இறந்த நம் படையினருக்கு இலங்கை அரசு ஒரு நினைவிடம் கட்டியிருக்கிறது. அதிலும் பெயர்கள் வெட்டியிருக்கிறார்கள், ஏறத்தாழ 1,200 பேர். உனக்கு ஒரு அரை நாள் கிடைத்தால் போய்ப் பார். பெயர் ஆங்கிலத்தில் இருக்கும், டெல்லியில் போட்டிருந்த எழுத்துகளையும் அவன் பட்டாள எண்ணையும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். படம் எடுக்கும்போது பக்கத்துப் பெயர்களும் தெரிகிற மாதிரி எடு, கூட இருந்தவர்கள் யார் என்று அம்மா கேட்பார்கள். முடிந்தால் பூவும் வை.

எந்தத் தேதியில் திரும்புகிறாய் என்று எழுது. நேரே காட்பாடிக்கு வந்துவிடு, ஸ்டேஷனுக்கு வண்டி கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்