கேமரா பேட்டரி விஷயமாக நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் ஒரு வாட்ஸாப் குழுவில் கிளம்பி, வலங்கைமான், பாபநாசம் வரை போய்விட்ட பேச்சு உங்கள் காதுக்கும் எட்டியிருக்கும். நம் கடையில் பழைய பேட்டரி விற்கிறோமாம். அதைப் போட்ட கேமரா தாலி கட்டும் நேரத்தில் அணைந்துவிட்டதாம். கல்யாண வீட்டில் அது எவ்வளவு பெரிய சங்கடம் என்று தெரியும், வருத்தம்தான். ஆனால் 'பழைய சரக்கு' என்றதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

அந்தக் கேமராக்காரர் நம்மிடம் கேட்டு வாங்கியது கடிகாரத்துக்குப் போடும் கார்பன் செல். "கேமராவுக்கா சார்?" என்று கேட்டதற்கு, "எல்லா செல்லும் ஒண்ணுதானே" என்றார். மறுபடி அதே செல்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தபோது, அவர் எதிரிலேயே தேதியைப் பார்த்தோம். காலாவதிக்கு இன்னும் நாள் இருந்தது. அதில் ஒன்றைக் கல்லாவுக்கு மேலே உள்ள சுவர்க் கடிகாரத்தில் போட்டோம். இன்றைக்கும் ஓடுகிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

கடிகாரத்துக்குத் துளி கரண்ட் போதும். கேமராவில் திரை, லென்ஸ் மோட்டார், ஃபிளாஷ் எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும். கார்பன் செல்லால் அவ்வளவு வேகமாகக் கொடுக்க முடியாது. வோல்ட் சட்டென இறங்கும். செல் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக் கேமரா அணைந்துவிடும். அல்கலைன் என்ற இன்னொரு ரகச் செல் இதைவிடத் தேவலை, ஆனால் ஃபிளாஷ் போட்டு விடாமல் எடுத்தால் அதுவும் திணறும்.

அடிக்கடி படம் எடுப்பவர்களுக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல்தான் சரி. '1.2 வோல்ட்தானே, 1.5 இல்லையே' என்று தயங்க வேண்டாம். அல்கலைன் 1.5-இல் தொடங்கி இறங்கிக்கொண்டே போகும். இது கடைசிவரை ஏறத்தாழ 1.2-இலேயே நிற்கும். இந்த ரீசார்ஜ் செல்லிலேயே சாதாரண ரகம் சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் இறங்கிவிடும். சார்ஜ் செய்தே விற்கும் ரகம் ஒரு வருடம் கழித்தும் பெரும்பகுதியைத் தக்கவைக்கும். பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். எப்போதாவது எடுப்பவர்களுக்கு 1.5 வோல்ட் லித்தியம் செல் நல்லது. விலை கூடுதல், ரீசார்ஜ் செய்யக் கூடாது. தட்டையான லித்தியம் அயான் பேட்டரி போடும் கேமரா என்றால், பழைய பேட்டரியைக் கையோடு கொண்டுவாருங்கள். அதன் மேல் உள்ள மாடல் எண்ணைப் பார்த்துத்தான் கொடுக்க முடியும்.

இந்தப் பேச்செல்லாம் கேட்ட பிறகும் வழக்கம்போல வந்து, "நீங்க சொல்றதையே குடுங்க" என்று வாங்கிப்போனவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. திருவையாற்றிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள்கூட இருக்கிறார்கள். உங்களால்தான் கடை நடக்கிறது.

அப்புறம், ரீசார்ஜ் செல், சார்ஜர் விலை அடுத்த மாதம் முதல் கொஞ்சம் கூடும். கவர் பிரித்த செல்லைத் திரும்ப எடுக்க இயலாது. அதனால் வாங்க வரும்போது கேமராவையும் எடுத்து வாருங்கள். எந்த ரகம் என்று பார்த்துச் சொல்லி, செல்லைப் போட்டு ஃபிளாஷ் அடித்துக் காட்டியே கொடுத்தனுப்புகிறோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்