ஊதிய வெளிப்படைத்தன்மைச் சட்டம்: முன்னேற்பாட்டுக் கூட்டம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஊதிய வெளிப்படைத்தன்மை நெறியாணையை (சம மதிப்புள்ள பணிக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் கிடைப்பதற்கான விதிகள்) உறுப்பு நாடுகள் தத்தம் சட்டத்தில் சேர்ப்பதற்கான கெடு 2026 ஜூன் 7 என்பதால், அங்கு நிறுவனம் நடத்துவோருக்கும் மனிதவளப் பொறுப்பில் இருப்போருக்குமாக, வரும் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு (மத்திய ஐரோப்பிய நேரம்) ஜூம் வழியே கூட்டம் நடைபெறும். அதற்கு முன் செய்ய வேண்டியவை:

1. நேர்காணலுக்கு முன்பே விண்ணப்பதாரருக்குத் தொடக்க ஊதியத்தையோ ஊதிய வரம்பையோ தெரிவிக்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு பணிக்கும் அதை எழுதி வையுங்கள்.

2. விண்ணப்பப் படிவத்தில் ‘தற்போதைய சம்பளம்’ என்ற கட்டம் இருந்தால் நீக்கிவிடுங்கள். நேர்காணலில் வாய்மொழியாகவும் அதைக் கேட்கக் கூடாது.

3. திறன், உழைப்பு, பொறுப்பு, பணிச்சூழல் ஆகிய அளவுகோல்களைக் கொண்டு சம மதிப்புள்ள பணிகளை வகைப்படுத்தி, ஒவ்வொரு வகையிலும் ஆண், பெண் சராசரி ஊதியத்தைக் கணக்கிடுங்கள். பணியாளர் எழுத்துமூலம் கேட்டால் இரண்டு மாதத்துக்குள் தர வேண்டிய விவரம் இது. அதிக நேரம் பிடிப்பதும் இதுவே என்பதால், கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

4. பணியாளர் எண்ணிக்கை 150 அல்லது அதற்கு மேல் எனில், ஆண், பெண் ஊதிய இடைவெளி பற்றிய முதல் அறிக்கைக்கான கெடு 2027 ஜூன் 7. சிறிய நிறுவனம்தானே என்று இருந்துவிடாதீர்கள். முதல் மூன்றும் அனைவருக்கும் பொருந்தும்.

வருகை, நாடு, பணியாளர் எண்ணிக்கை ஆகியவற்றை வியாழன் இரவுக்குள் இங்கேயே பதிலிட வேண்டுகிறோம். சம்பளப் பட்டியல்களைக் குழுவில் பகிர வேண்டாம்.

– ஒருங்கிணைப்பாளர்