ரெண்டாவது மூடி எங்கங்க?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை பேப்பர்ல நுவரெலியா ஏப்ரல் சீசனுக்கு வந்த பழைய கார்களைப் பத்தி ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க. படமெல்லாம் ஜோர்தான், ஆனா நடுவுல "தோட்டத்து கராஜ்ல கை பட்ட கார்ல கம்பெனி சாமான் ஒண்ணும் மிஞ்சியிருக்காது"ன்னு ஒரு வரி எழுதியிருக்காரே உங்க நிருபர், அத படிச்சதுல இருந்து குடிச்ச டீ கூட இறங்கல. எங்கப்பா முப்பத்தஞ்சு வருசம் தலவாக்கலைப் பக்கம் தோட்டத்து கராஜ்லதான் கை கறுத்தவரு.

1977க்கு முன்னால நம்ம நாட்டுல இறக்குமதிக்கு எவ்ளோ கட்டுப்பாடு இருந்துச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? தோட்டத்து பெரிய தொரையோட மினி கூப்பர் எஸ்ஸுக்கு (மினி கார்லயே வேகமான ரகம்) கார்புரேட்டர் ஸ்பிண்டில் தேஞ்சப்ப அப்பா தேயிலை பெக்டரி லேத்துல ஒண்ணு கடைஞ்சு போட்டு ஓட விட்டாரு. ஆனா கழட்டினத வீசல. கிரீஸ் தடவி, பேப்பர்ல சுத்தி (உங்க பேப்பர்தான் ஐயா), எந்தக் கார்ல என்னைக்கு கழட்டினதுன்னு சீட்டு எழுதி பிஸ்கட் டின்ல போட்டு வச்சாரு. தொரை போன பொறகு அந்தக் கார் தேயிலை பெக்டரி டீமேக்கர் ஐயா கைக்கு வந்து, ரொம்ப வருசம் கழிச்சு வாங்க வந்த ஒரு கொழும்பு மாத்தயா அந்த ஸ்பிண்டிலக் காட்டி "ஒரிஜினல் இல்ல"ன்னு பாதி விலைக்கு இறக்குனாரு. அப்பா டின்ன தூக்கிட்டு ஓடி வந்து நீட்டுனாரு. அந்த மாத்தயா டின்னையும் வாங்கி டிக்கியில போட்டுக்கிட்டாரு, விலையும் ஏறல, ஒரு தேங்க்ஸும் இல்ல.

அடுத்தது, "புக்குல உள்ள எஞ்சின் நம்பர் ஒத்துப்போனா கார் அசல்"னு உங்க நிருபரோட ஒரு கண்டுபுடிப்பு. அந்த நம்பர் இருக்குறது எஞ்சின் பிளொக்குல ரிவிட் அடிச்ச சின்னத் தகட்டுலங்க. எஸ்ஸுக்குள்ள 9எஃப்னு தொடங்குற நம்பர புதுத் தகட்டுல அடிச்சு மாட்ட எவ்ளோ நேரம்? அப்பா மொதல்ல ரிவிட் தலையத்தான் விரலால தடவிப் பாப்பாரு, திரும்ப அடிச்சதுன்னா வெளிம்புல பிசிறு தட்டும்பாரு. அப்பறம் எஞ்சின் மேல மூடுற ஹெட்டு, 1275 சிசி எஸ்ஸுல அத 11 எடத்துல போல்ட் போட்டு புடிச்சிருக்கும், சாதாரண மினில 9தான். முன் வீல கழட்டி பிரேக் டிஸ்க அளந்தா ஏழரை அங்குலம் இருக்கணும். இவ்ளோவும் பாத்துட்டு, இங்கிலாந்துல கேய்டன்ல இருக்குற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு எழுதினா, கார் பெக்டரிய விட்டு வெளிய வந்தப்ப என்ன எஞ்சின், என்ன கலர்னு பழைய ரெஜிஸ்டர பாத்து சர்டிபிகேட் குடுப்பாங்க.

அதெல்லாம் கூட வேணாம். நீங்க போட்ட படத்தையே லென்ஸ் வச்சு பாருங்க. பின்பக்கமா எடுத்தது, கீழ "1968 கூப்பர் எஸ், முழுக்க ஒரிஜினல்". எஸ்ஸுக்கு 1966ல இருந்து ரெண்டு பெட்ரோல் டேங்க், ரெண்டு பக்கமும் மூடி. உங்க படத்துல இடப்பக்கம் ஒண்ணு இருக்கு, வலப்பக்கம் வழுவழுன்னு கெடக்கு. அப்ப அது எஸ்ஸே இல்லங்க. அப்படி இல்லாம யாராவது அடைச்சு பெயின்ட் அடிச்சிருந்தாலும் "முழுக்க ஒரிஜினல்" எங்க இருந்து வந்துச்சு?

நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்ற கார் ரேஸ் 1934ல தொடங்கினதுன்னு வருசா வருசம் மறக்காம போடுறீங்க. ராத்திரி முழுக்க கொட்டுற பனியில கார படுத்து பாத்தவன் பேர ஒரு வருசம் போட்டிருக்கீங்களா? 2011லயும் 2016லயும் இத எழுதி அனுப்புனேன், எடம் இல்லன்னு நெனைக்கிறேன்.

இப்ப பெருசா ஒண்ணும் கேக்கல. அந்தப் படத்துக்குக் கீழ போட்ட "எஸ்"ங்குற ஒரு எழுத்து தப்புன்னு ரெண்டு வரி போட்டா போதும். ராசிபலனுக்குக் கீழ எப்பவும் கொஞ்சம் எடம் கெடக்குமே.

இப்படிக்கு,
கராஜ்காரர் மகன்,
தலவாக்கலை.