23 பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்: சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

போதகர் ஐயா அவர்களுக்கும், சபை நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டி அங்கத்தினர் எல்லாருக்கும், கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். பதினெட்டு வருஷம் நம் சபையில் ஓய்வுநாள் பள்ளி எடுத்தவன். கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். முதுநகருக்குத் தெற்கே குப்பத்தில் ஞாயிறு சாயங்காலம் வேதம் வாசிக்க நாங்கள் கூடுவதைப் பற்றி மூன்று வருஷமாக உங்கள் கூட்டங்களில் பேச்சு அடிபடுகிறது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் பழைய கதையை விட்டுவிடுகிறேன். அங்கே எங்களோடு கூடிவந்த கருவாட்டு ஆயாவின் அடக்கம் நடந்த பிறகு இரண்டு கடிதம் கொடுத்தேன். இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதை எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் இப்படி எழுதுகிறேன்.

ஆயா வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தார். ஐப்பசி மழை ஊற்றிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, நம் கல்லறைத் தோட்டத்தில் ஆயாவுக்கு இடம் கேட்டு, நான் செயலர் ஐயா வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, காபி கொடுத்தார். அதைச் சொல்லாமல் விடக் கூடாது. பிறகு பதிவேட்டை எடுத்து விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். ஆயா பெயர் இல்லை. சந்தா புத்தகத்திலும் இல்லை. "வருத்தம்தான் தம்பி, ஆனா ரூல்னு ஒண்ணு இருக்கே" என்றார். ஞானஸ்நானம் கொடுத்தது நம் சபையிலேயே முப்பது வருஷம் போதகராக ஊழியம் செய்து ஓய்வுபெற்ற ஐயர்தானே என்றேன். "சேகரத்து அனுமதியோட நடக்கலையே" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் போதகர் பங்களாவுக்குப் போனேன். போதகர் ஐயா வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். போன் எடுக்கவில்லை. நான் திரும்பி வரும்போது குப்பத்தில் கரண்ட் இல்லை. வாடகைக்கு எடுத்த குளிர்பெட்டி வெறும் கண்ணாடிப் பெட்டியாக நின்றது. ஆயாவின் மகள் கையில் விசிறியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மூடிய பெட்டிக்கு விசிறி எதற்கு என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

நான் கம்பெனிக்குப் போய் இரண்டு பார் ஐஸை அரைக்கச் சொல்லி, மீன் பெட்டிகளில் அள்ளிக்கொண்டு வந்தேன். நாற்பது வருஷம் மீனுக்கு ஐஸ் போட்ட கை ஆயாவுடையது. அந்தக் கையைச் சுற்றி ஐஸைக் கொட்டிப் பாலித்தீன் விரித்தோம். விடிய விடிய உருகின தண்ணீரைத் துணி போட்டு ஒற்றி, வாளியில் பிழிந்து வெளியே ஊற்றினோம். திங்கட்கிழமை கணக்குப் புத்தகத்தில் அந்த இரண்டு பாரை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் சில்லறை விற்பனை என்று எழுதி என் காசைக் கட்டினேன்.

ஞாயிறு காலை எட்டரை மணி ஆராதனைக்கு மணி அடிக்கும்போது நான் கோயிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறை வாசலில் நின்றது உங்களில் நிறையப் பேருக்கு நினைவிருக்கும். ஈர வேட்டியோடு நின்றேன். "ஆராதனை முடியட்டும், பேசலாம்" என்றீர்கள். ஆராதனை முடிந்ததும் அறுப்பின் பண்டிகைக் கணக்கை வைத்துக் கூட்டம் நடந்தது. கல்லறைத் தோட்டத்துச் சாவி மேசைமேல்தான் கிடந்தது, பச்சைக் கயிறு கட்டி. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணிக்கு எழுந்து வந்துவிட்டேன். வரும்போது ஒரு கடுஞ்சொல் சொன்னேன். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அடக்கம் எங்கே நடந்தது என்று நீங்கள் இன்றுவரை விசாரிக்கவில்லை. நானே சொல்கிறேன். குப்பத்துப் பஞ்சாயத்தார் கூடி, சவுக்குத் தோப்புக்குக் கிழக்கே ஊர் இடுகாட்டில் இடம் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கிறிஸ்தவர் கிடையாது. "ஆயா சாமியை மாத்திக்கிச்சு, தலைக்கட்டு வரியை நிறுத்தலையே. எங்க ஊரு மனுஷி" என்றார் பெரியவர். கடற்கரை மண், தோண்டத் தோண்டச் சரிந்தது. இரண்டு அடிக்குக் கீழே தண்ணீர். நான்கு பையன்கள் குழியில் இறங்கி வாளியால் இறைத்துக்கொண்டே இருக்க, மேலே நின்று எழுபத்தாறு வயது ஐயர் குடை இல்லாமல் அடக்க ஆராதனை வாசித்தார். செத்து நாற்பது மணி நேரம் கழித்து ஆயாவை மண்ணில் வைத்தோம். ஊர் கொடுத்தது. நம் சபை கொடுக்கவில்லை.

அதனால் என் கோரிக்கை இது. இந்தக் கடிதத்தோடு இணைத்துள்ள குப்பத்து விசுவாசிகள் 23 பேரின் பெயரையும் சபைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைவு என்பது எனக்கும் தெரிந்ததுதான். என் அப்பாவைத் தாத்தா குழியிலேயேதான் வைத்தோம். ஆனால் மேற்குச் சுவர் ஓரமாகச் சில குடும்பத்தார் இன்னும் சாகாதவர்களுக்கும் சேர்த்து மார்பிள் கட்டி வைத்திருக்கிறார்களே, அதற்கு எந்த ரூல் இடம் கொடுத்தது என்று தெரியவில்லை. அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு இயேசுவை அடக்கம் பண்ணத் தன் கல்லறையைக் கொடுத்தபோது சந்தா ரசீது கேட்டதாக நான்கு சுவிசேஷத்திலும் நான் பார்க்கவில்லை. ஒருவேளை யூதேயா சேகரத்தில் நிர்வாகம் சரியில்லையோ என்னவோ.

நாங்கள் தனிச் சபை ஆரம்பித்துவிட்டோம், ஆட்டைத் திருடுகிறோம் என்று பேசுகிறீர்கள். எப்படி ஆரம்பித்தது என்று ஒருவரும் வந்து பார்க்காததால் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. 2022 தடைக்காலத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை இல்லை, குப்பத்தில் வருமானம் இல்லை. வலை சீர்பார்க்கும் கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருந்தவர்களோடு நானும் உட்கார்ந்தேன். ஒருவர் என் பையில் இருந்த வேதாகமத்தைப் பார்த்து "அதுல மீன்காரன் கதை இருக்குதாமே" என்றார். வாசித்தேன். ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் அகப்படாமல் கரையில் வலை அலசிக்கொண்டிருந்தவர்களின் கதை. அதை அவர்கள் கேட்ட மாதிரி நம் சபையில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வலை அலசுவது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். வெறும் வலையோடு வீட்டுக்குப் போவதும் தெரியும்.

இவர்களை எட்டரை மணி ஆராதனைக்கு அழைத்து வரக் கூடாதா என்று ஒருவர் கேட்டார். காலையில்தான் மீன் ஏலம். பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போய் விற்று வீடு திரும்பப் பகல் ஒரு மணி ஆகிவிடும். நம் மணி அவர்கள் பிழைப்பைப் பார்த்து அடிக்கவில்லை. அதனால் சாயங்காலம் நாலு மணிக்கு, அதே கொட்டகையில் கூடுகிறோம். கட்டடம் கட்ட வேண்டுமானால் கலெக்டரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற சட்டத்தையும் எங்களுக்கு ஞாபகப்படுத்தினீர்கள். நன்றி. கட்டடம் நாங்கள் கேட்கவே இல்லை.

சீஷத்துவம் என்று நான் பதினெட்டு வருஷம் பலகையில் எழுதிக் காட்டினேன். அது என்ன என்று எனக்குக் காட்டியவர் அந்தக் குப்பத்தில் தண்டல் விட்டுக்கொண்டிருந்த ஒருவர். பத்தாயிரம் என்று எழுதி எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுத்து, தினம் நூறு ரூபாயாக நூறு நாள் வசூலிப்பார். அநியாயமாக வாங்கினதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்ன வரி வசூல்காரன் சகேயுவின் கதையை வாசித்த அடுத்த ஞாயிறு தண்டல் நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். "எட்டாயிரத்து ஐநூறு கட்டி முடிச்சவங்க பேரையெல்லாம் அடிச்சிடுங்க சார். எனக்குக் கூட்டல் சரியா வராது" என்றார். மூன்று மணி நேரம் உட்கார்ந்து அடித்தோம். கடைசிப் பக்கம் வந்தபோது அவருக்குக் கை நடுங்கியது. வீட்டில் அவர் மனைவி ஒரு வாரம் பேசவில்லை. இப்போது அவர் எங்கள் கம்பெனியில் ஐஸ் உடைக்கிறார். நானும் அந்த வாரம்தான் முதலாளியிடம் போய், இனிமேல் இரண்டு கணக்கு எழுத மாட்டேன் என்று சொன்னேன். வேலை போகவில்லை, இன்க்ரிமென்ட் போனது. இதில் பெருமை ஒன்றுமில்லை, அந்த மனுஷர் எனக்கு முன்னால் நடந்துவிட்டார்.

அவர் பெயரும் இந்த 23-ல் இருக்கிறது.

ஆண்டு விழா மலரில் வருஷா வருஷம் நாம் அச்சடிக்கிற சரித்திரத்தையும் ஒரு தடவை நிதானமாக வாசித்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினார். மறு வருஷம் முதன்முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேர் வீட்டு அடிமைகள். எந்தச் சந்தா புத்தகத்தில் அவர்கள் பெயர் இருந்திருக்கும்? 1733-ல் இந்தியாவிலேயே முதல் புராட்டஸ்டன்ட் தேசியப் போதகராக அபிஷேகம் பெற்ற ஆரோன், ஆறுமுகம் என்ற பெயரில் பிறந்த நம் கடலூர்க்காரர். மேடையில் அதைச் சொல்லும்போது நமக்கெல்லாம் நெஞ்சு நிமிர்கிறது. அவரும் முதலில், அபிஷேகம் இல்லாமல் வேதம் போதிக்கிற உபதேசியாராக ஊர் ஊராக நடந்தவர்தான். அதே காலத்தில் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் எத்தனையோ பேரைச் சபைக்குள் கொண்டுவந்தும், பறையர் என்பதால் மேல்சாதியார் அவர் கையால் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று அபிஷேகம் கொடுக்காமல் விட்டார்கள். அந்தப் பத்தி மட்டும் மலரில் ஒரு வருஷமும் வந்ததில்லை. "அந்தக் குப்பத்து ஆளுங்க" என்று ஞாயிறன்று வெஸ்ட்ரிக்குள் யாரோ சொன்னது வெளியே நின்ற எனக்குக் கேட்டது. யார் என்று தேட விரும்பவில்லை.

ரூல் ரூல் என்கிறோம். கமிட்டித் தேர்தலுக்கு முந்தின மாதம் பதிவேட்டில் ஒரே ராத்திரியில் எத்தனை பெயர் ஏறும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். பெங்களூரில் இருக்கிறவர், துபாயில் இருக்கிறவர், போன கிறிஸ்துமஸுக்கு எட்டிப் பார்த்தவர், ஒருவரையும் விட்டதில்லை. வேன் வைத்துக் கூட்டி வந்தோம். பாக்கிச் சந்தாவை யார் யாரோ கட்டினார்கள். பரிசுத்த ஆவியானவர் இறங்கின நாளில்கூட இவ்வளவு வேகமாகச் சபையில் ஆள் சேர்ந்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். அப்புறம் தோற்றவர்கள் கோர்ட்டுக்குப் போவார்கள், காணிக்கைப் பணத்தில் வக்கீல் பீஸ் போகும். சரி, அதை இங்கே இழுக்க வேண்டாம். அதற்கு இன்னொரு மடல் வேண்டும்.

ஆனால் ஒன்றை இழுக்காமல் இருக்க முடியவில்லை. போன வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் குப்பத்துப் பெண்களும் ஏதாவது கொண்டுவரலாமே என்று சொல்லி அனுப்பினீர்கள். கொண்டுவந்தார்கள். ஆறு கிலோ வஞ்சிரம், ஒரு கூடை நண்டு, ஆயா தன் பங்குக்கு நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம். ஏலம் விட்டவர் வஞ்சிரத்தைக் கையில் தூக்கிப் பிடித்து "குப்பத்து விசுவாசிகளின் காணிக்கை" என்று மைக்கில் சொன்னார், எல்லாரும் கைதட்டினோம். விசுவாசிகள் என்று அன்றைக்குச் சொன்னீர்கள். மீனை வாங்கும்போது பதிவேட்டைப் புரட்டினவர் யார்?

கொஞ்சம் சூடாகிவிட்டது. மன்னிக்க வேண்டும். கேட்க வந்ததை மரியாதையாகவே கேட்கிறேன்.

அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்து, 23 பேரின் பெயரையும் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். எங்களுக்குத் தனிச் சபைப் பட்டம் வேண்டாம், கமிட்டியில் இடம் வேண்டாம், மானியம் வேண்டாம். கொட்டகைக் கூட்டத்தை நம் சேகரத்தின் கீழ் ஒரு ஜெபக்குழுவாக வைத்துக்கொண்டால் சந்தோஷம். போதகர் ஐயா மாதம் ஒரு சாயங்காலம் வந்து நற்கருணை கொடுத்தால் இன்னும் சந்தோஷம். துறைமுகத்திலிருந்து ஷேர் ஆட்டோ இருக்கிறது. மழை நாளாக இருந்தால் நானே பைக்கில் வந்து அழைத்துப் போகிறேன். ஞானஸ்நானம் செல்லாது என்று உங்களில் யாராவது நினைத்தால், அதையும் நேரில் வந்து அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர்கள் கோபப்பட மாட்டார்கள், தேநீர் போட்டுக் கொடுப்பார்கள்.

சந்தா கட்டத் தயாராக இருக்கிறோம். மீன் ஏலம் முடிந்த கையோடு வாரம் இருபது ரூபாயாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். வருகிற முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் வெஸ்ட்ரிக்கு வருகிறேன், 23 பேரின் சந்தாவோடு. பட்டியலில் முதல் பெயர் ஆயாவுடையது. அவர் மகள்தான் அந்தப் பெயரை முதலில் எழுதச் சொன்னாள், இரண்டு வருஷப் பாக்கியையும் அவளே கொடுத்திருக்கிறாள். ரசீதை ஆயா பெயரிலேயே போட்டுத் தருமாறு செயலர் ஐயாவை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்,
கடலூர் முதுநகர்