சட்டம் சரி, கடன் எங்க கிடைக்கும்?

ஆசிரியருக்கு வணக்கம். கடன் வசூல்ங்கிற பேர்ல வீட்டுக்கு வந்து மிரட்டுறத தடுக்க தமிழக அரசு 2025-ல கொண்டுவந்த சட்டம் பத்தின தலையங்கம் படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா கந்துவட்டி தடைச் சட்டம் 2003-லயே வந்தாச்சு, அப்புறமும் ஜனங்க ஏன் கந்துவட்டிக்காரங்ககிட்டயே போறாங்க? கேட்ட அன்னிக்கு சாயங்காலமே காசு கைக்கு வருது, அவ்ளோதான்.

போன ஆடியில பையன் காலேஜ் ஃபீஸுக்கு 20,000 ரூபா வேணும்னு எங்க ஊர் கூட்டுறவு சங்கத்துக்கு மூணு தடவ நடந்தேன், ஒரு நாள் ரெண்டு ஜாமீன்தாரர் வேணும்னாங்க, அடுத்த நாள் அவங்க ரேஷன் கார்டு ஜெராக்ஸ், மூணாவது நாள் கையெழுத்துப் போடுறவர் லீவு. கடைசில வாரவட்டிக்கு 10,000-னு எழுதிக் கொடுத்துட்டு 8,500 வாங்கினேன் (மிச்சம் முன்வட்டியாம்!), மீதிய வீட்டுக்காரம்மா மகளிர் குழுவுல எடுத்து சமாளிச்சாங்க. 25,000 வரைக்குமான கடனுக்கு என்னென்ன பேப்பர் வேணும்னு சங்க வாசல்லயே போர்டு வெச்சு, மூணு நாளைக்குள்ள உண்டு இல்லன்னு சொல்லிடணும்னு கூட்டுறவுத் துறை உத்தரவு போடலாமே.