மந்திரவாதிக் குழுக்கள் ஏன் பிரியாமல் இருக்கின்றன?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆளுக்கொரு கதாபாத்திரமேற்றுக் கதையை நடத்திச் செல்லும் இடைக்கால மாயாஜால விளையாட்டுகளில், மந்திரவாதிக் குழுக்களை நல்லவர், கெட்டவர் என்று பிரித்தால் போதும் என ஆட்டத்தை நடத்துபவர்கள் பலர் நினைக்கிறார்கள். சிக்கலே அங்கேதான். இரண்டாவது அமர்விலேயே சண்டை மூண்டுவிடும். பேரம் பேச எதுவும் மிஞ்சாது.

1987-இல் வெளிவந்த 'ஆர்ஸ் மேஜிகா' என்ற இவ்வகை விளையாட்டைப் பாருங்கள். பிந்தைய பதிப்புகளில் கதைக்களம் 1220-ஆம் ஆண்டு ஐரோப்பா, ஒரே அமைப்பில் 12 மந்திரவாதிக் குலங்கள், பலவற்றுக்கு ஒன்றையொன்று ஆகாது. ஆனாலும் பிரிய முடியாது. பிறர் ஏவும் மந்திரத்தைத் தடுக்கும் காப்பு வித்தை, அந்த அமைப்பின் உறுதிமொழி எடுத்தவருக்கு மட்டுமே கற்பிக்கப்படும் என்பதுதான் காரணம். சக மந்திரவாதியை மந்திரத்தால் வேவு பார்ப்பதுகூடக் குற்றம்; 7 ஆண்டுக்கு ஒருமுறை கூடும் மன்றத்தில் அது வழக்காக வரும். போனிசேகஸ் குலத்தார் தம் ஆராய்ச்சியைப் பகிர்ந்தே ஆகவேண்டும். பதிலுக்கு, பிறரின் சீடரைத் தமக்கென எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு விதியிலேயே எத்தனை பகை முளைக்கும்!

தம் ஆட்டத்துக்குப் புதிதாகக் குழுக்களை அமைப்பவர்கள் மூன்று குழுக்களோடு தொடங்கட்டும். இரண்டென்றால் போர்தான், ஐந்தைத் தாண்டினால் பெயர்கூட மனதில் நிற்காது. நூலகம், மந்திரசக்தி ஊறும் இடம், அரசவைச் செல்வாக்கு என ஒவ்வொன்றிடமும் மற்றவற்றுக்குத் தேவையான ஏதாவது ஒன்று இருக்கவேண்டும். எந்தக் குழுத் தலைவரையும் வெல்லவே முடியாதவராக்கிவிடாதீர்கள். ஆடுபவர்கள் வெறும் பார்வையாளர்களாகிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்