லுங்கி நெய்கிற ஊரிலிருந்து, தலைவர்களின் வாழ்க்கையைத் தொடராக எடுப்பவர்களுக்கு

வணக்கமுங்க.

ஈரோட்டுப் பக்கமிருந்து எழுதுகிறேன். விசைத்தறி வைத்திருக்கிறோம், லுங்கியும் துண்டும் ஓட்டுகிறோம், திங்கட்கிழமை ராத்திரி ஜவுளிச் சந்தைக்குச் சரக்கு கொண்டுபோகிறோம். அரசியல் தலைவர்களின் கதையைத் தொலைக்காட்சித் தொடராகவும் இணையத் தொடராகவும் எடுக்கிறவர்கள், அதற்குப் பணம் போடுகிறவர்கள், தமிழில் டப் செய்து எங்கள் வீட்டுக்குள் கொண்டுவருகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அது லுங்கியில் ஆரம்பிப்பதால் அங்கிருந்தே வருகிறேன்.

2019 ஜனவரி 25 அன்று, பம்பாயில் சிவசேனா கட்சியை ஆரம்பித்த பால் தாக்கரேயின் வாழ்க்கைப் படம் இந்தியிலும் மராத்தியிலும் வந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மராத்தி டிரெய்லர் வெளியாகியிருந்தது. எங்களிடம் வழக்கமாகச் சரக்கு எடுக்கிற மும்பை வியாபாரி ஒருவர், சந்தையில் எங்கள் லுங்கி பேல் மேலேயே உட்கார்ந்து அதைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு வசனம்: 'உட்டாவ் லுங்கி, பஜாவ் புங்கி'. லுங்கியைத் தூக்கு, மகுடியை ஊது என்று சொல்லுக்குச் சொல் பொருள், உள்ளே இருக்கிற பொருள் அசிங்கம். தென்னிந்தியர்களைப் பம்பாயிலிருந்து விரட்ட அறுபதுகளில் போட்ட கோஷம் அது. நான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் மனிதர் பட்டென்று கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். நல்ல மனிதர், கூசிப் போய்விட்டார். வசனத்தைவிட அதற்குப் பின்னால் வந்த இசைதான் என்னை அதிகம் உறுத்தியது. ஒரு கதாநாயகன் வருகையில் போடுகிற இசை அது. நடிகர் சித்தார்த் அப்போதே இதை வெளிப்படையாகக் கண்டித்தார், வெறுப்பை விற்கிறீர்கள் என்று.

எங்கள் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, 1969 பிப்ரவரியில் பம்பாயில் இருந்தார். சென்னிமலைப் பெட்ஷீட்டைக் கட்டுக் கட்டாக ரயிலில் ஏற்றிக்கொண்டுபோய், மாட்டுங்காவில் ஊர்க்காரர்களோடு ஒரு அறையில் தங்கி, மங்கள்தாஸ் மார்க்கெட்டில் கடை கடையாக ஏறி இறங்கி விற்றுவிட்டு வருவார். அந்த மாதம்தான், மகாராஷ்டிரத்துக்கும் மைசூருக்கும் நடுவில் இருந்த பெல்காம் எல்லைப் பிரச்சினையை வைத்து சிவசேனா நடத்திய போராட்டம் கலவரமாகி, 50க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், தென்னிந்தியர்களின் ஹோட்டல்கள் நொறுக்கப்பட்டன. அப்பிச்சியை யாரும் அடிக்கவில்லை, ஒரு சொல் சொல்லவும் இல்லை. ஆனால் அறையில் இருந்தவர்கள், வேட்டியோடு வெளியே போக வேண்டாம் என்று சொல்லி, நடைபாதைக் கடையில் ஒரு டெரிலின் பேன்ட் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். காப்பிக்கொட்டை நிறம், இடுப்பு பெரிதாக இருந்ததால் உள்பக்கம் பிடித்து ஊசி நூலால் அவரே தைத்திருக்கிறார். அந்தத் தையல் இன்னும் அப்படியே இருக்கிறது, வெள்ளை நூல், நெசவாளி போட்ட தையல் மாதிரியே இல்லாமல் கோணல்மாணலாக. ஆயுசில் அந்த ஒரு வாரம்தான் அவர் பேன்ட் போட்டது. தகரப் பெட்டிக்கு அடியில் அதை மடித்து வைத்திருந்தார். சின்ன வயதில் எடுத்துப் பார்த்துவிட்டு, பயந்துட்டீங்களா அப்பிச்சி என்று கேட்டேன். 'பயமெல்லாம் ரண்டாவது அம்மிணி, நம்ம வேட்டிய நாமளே ஒளிச்சு வெக்கறமேன்னு இருந்துச்சு பாரு, அதுதான்' என்றார்.

அவர் கட்டியிருந்தது வேட்டி. கோஷத்தில் இருந்தது லுங்கி. நாடாரா, செட்டியாரா, உடுப்பிக்காரரா, மலையாளியா என்கிற கணக்கெல்லாம் அங்கே கிடையாது, தெற்கே இருந்து வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர்.

சரி, இதற்காகப் பால் தாக்கரே பற்றி யாரும் தொடர் எடுக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. எடுங்கள். அந்த மனிதரின் கதையில் எத்தனை இருக்கிறது! அவருடைய அப்பா கேசவ் சீதாராம் தாக்கரே, பிரபோதன்கார் என்று பெயர் பெற்றவர், சாதிக்கும் வரதட்சிணைக்கும் குழந்தைத் திருமணத்துக்கும் எதிராக எழுதிய சீர்திருத்தக்காரர். பெரியார் பிறந்த ஊர்க்காரியான எனக்கு இதைப் படித்தபோது ஆச்சரியம் தாங்கவில்லை. அப்படிப்பட்டவரின் மகன் கார்ட்டூன் வரைந்துகொண்டிருந்து, 1960இல் 'மார்மிக்' என்று ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பித்து, எந்தெந்த ஆபீசில் எந்தெந்தத் தென்னிந்தியர்கள் உத்தியோகத்தில் இருக்கிறார்கள் என்று பெயர்ப் பட்டியல் போட ஆரம்பிக்கிறார். 'படித்துவிட்டுச் சும்மா இருங்கள்' என்பது அந்தப் பகுதிக்கு முதலில் வைத்த தலைப்பு. அப்புறம் அது 'படித்துவிட்டு எழுந்திருங்கள்' என்று மாறியது. 1966 ஜூன் 19 அன்று சிவசேனா. வேலை கிடைக்காமல் தவித்த மராத்திப் பையன்களின் கோபம் நிஜமானது, அவர்களை மதித்துப் பேச ஒரு ஆள் வந்தார் என்பதும் நிஜம். அதைக் காட்டாமல் விட்டால் அதுவும் பொய்க் கதைதான். ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் வந்த குமாஸ்தா மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போனாரே, அவர் பஸ்ஸில் எப்படி உட்கார்ந்திருந்தார், வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினார்? நான் கேட்கிற ஒன்று இதுதான்: தலைவர் யாரைக் கைகாட்டினாரோ அந்த ஆளுக்குத் தொடரில் ஒரு முகம் கொடுங்கள், ஒரு வீடு, ஒரு பெயர் கொடுங்கள், நாலு வார்த்தை பேச விடுங்கள். கூட்டத்தில் ஓடுகிற தலைகளாக மட்டும் காட்டாதீர்கள். லுங்கி வசனத்தையும் வெட்ட வேண்டாம், தமிழில் டப் செய்யும்போது பூசி மெழுகவும் வேண்டாம். அது சொல்லப்படும்போது கேமரா மேடையில் இல்லாமல், அதைக் கேட்டவன் பக்கத்தில் நிற்கட்டும்.

2019 படத்துக்குக் கதை எழுதித் தயாரித்தவர் சஞ்சய் ராவத், அப்போது அதே சிவசேனா கட்சியின் எம்.பி. வெளியான நேரமோ மக்களவைத் தேர்தலுக்குச் சில மாதம் முன்பு. கட்சியே கதை சொன்னால் கட்சி விரும்புகிற கதைதான் வரும். அதற்கும் முன்னால், 1992-93 மும்பைக் கலவரத்தை வைத்து 1995இல் மணிரத்னம் எடுத்த 'பம்பாய்' வெளியாகும் முன்பே தாக்கரேவுக்குப் போட்டுக் காட்டப்பட்டது, அவரை நினைவூட்டும் பாத்திரம் கலவரத்துக்காக வருந்துவது அவருக்குப் பிடிக்கவில்லை. தன் சாயலில் ஒருவன் வருத்தப்படுவதைக்கூட ஒத்துக்கொள்ளாத மனிதர் என்றால், அந்த ஒரு செய்தியே அவர் குணத்தைப் பற்றி எவ்வளவு சொல்கிறது!

அந்தக் கலவரத்தை விசாரித்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் 1998இல் அறிக்கை கொடுத்தது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் 900 பேர் செத்தார்கள், அதில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள் என்று அதில் இருக்கிறது. தேர்ந்த தளபதியைப் போலத் தாக்கரே தன் ஆட்களைத் தாக்குதலுக்கு ஏவினார் என்றும் இருக்கிறது. அப்போதைய சேனா - பாஜக அரசு அந்த அறிக்கையை ஏற்கவில்லை. எழுதுகிறவர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டியது அதைத்தான்.

குடும்பம் அனுமதி தராது, வழக்குப் போடுவார்கள் என்று சொல்வீர்கள். ஆட்டோ சங்கர் வழக்கில் 1994இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, பொது ஆவணத்தில் இருப்பதை வைத்து ஒருவரின் வாழ்க்கையை எழுத அவர் சம்மதம் தேவையில்லை என்று. ஜெயலலிதா கதையைப் படமாகவும் தொடராகவும் எடுத்தபோது அவருடைய அண்ணன் மகள் தடை கேட்டுப் போனார், சென்னை உயர் நீதிமன்றம் கொடுக்கவில்லை. விசாரணை ஆணைய அறிக்கையைவிடப் பெரிய பொது ஆவணம் எது? ஆகவே தைரியமாக எடுக்கலாமுங்க. பெயரை மாற்றி, ஊரை மாற்றி, 'எல்லாம் கற்பனையே' என்று ஒரு வரி போட்டுத் தப்பிப்பதைவிட இது நேர்மையானது.

இன்னொரு காட்சியும் விட்டுப்போகக் கூடாது. 2012 நவம்பரில் தாக்கரே இறந்தபோது மும்பையே கடையடைத்தது. எதற்காக இப்படி அடைக்க வேண்டும் என்று மும்பைக்குப் பக்கத்தில் இருக்கிற பால்கரில் ஒரு இளம்பெண் ஃபேஸ்புக்கில் எழுதினாள், அதற்கு லைக் போட்ட தோழியையும் சேர்த்து இரண்டு பேரையும் போலீஸ் கைது செய்தது. அவர்களைக் கைது செய்யப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. இறுதி ஊர்வலத்தின் ஜனக்கடலை எல்லோரும் எடுப்பார்கள். அந்த இரண்டு பிள்ளைகளும் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்ததை யார் எடுப்பார்கள்?

இத்தனை தூரத்தில் இருந்துகொண்டு இவளுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று தோன்றலாம். எங்கள் தறியில் இப்போது ஓட்டுவது பீகார்ப் பையன்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவினதே, அந்த வாரம் ஒரு பையனுக்கு அவன் அம்மா ஒரே நாளில் இருபது முறை போன் செய்தாள். வீடியோ கால் போட்டு என் முகத்தைக் காட்டச் சொன்னாள். எனக்கு இந்தி வராது, அவளுக்குத் தமிழ் வராது, நான் அவன் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன், அவள் பார்த்தாள், அவ்வளவுதான். பீகாரிலிருந்து அதிகாரிகள் திருப்பூர் வரைக்கும் வந்து விசாரித்துப் போனார்கள். வீடியோ பொய்தான். ஆனால் 'வடக்கன்' என்று இங்கே பேச்சு வாக்கில் சொல்கிறார்களே, அது பொய்யில்லை. அவர்கள் பெயரைப் பட்டியல் போட இங்கே ஒருவர் கிளம்பினால், அவரைப் பற்றியும் பிற்பாடு ஒரு தொடர் வரும், அதற்கும் இப்படித்தான் இசை போடுவீர்களோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

அந்தப் பேன்ட் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, அப்பிச்சி போய் வெகு காலம் ஆயிற்று. 1969ஐக் காட்டுகிற மாதிரி உங்களில் யாராவது எடுத்தால், அந்தக் காலத்துத் துணி வேண்டுமென்று உடை பார்க்கிறவர்கள் தேடுவார்கள் அல்லவா, சொல்லி அனுப்புங்கள், கொடுத்து விடுகிறேன். தையலைப் பிரித்துவிடாமல் திருப்பிக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
லுங்கி நெய்கிற ஒருத்தி
ஈரோடு